கடப்பிதழ்

பிள்ளைகளே, என் மகளுக்குச் சீனாவில் ஆங்கிலம் படிப்பிக்கும் வேலை கிடைத்தது. சுற்றுலா விசாவில் வந்தால் போதும், பிறகு வேலை விசாவாக மாற்றித் தருவோம் என்றார்கள்.

இங்கே நியூசிலாந்தில், ஈஸ்ட் டாமாக்கியில் வேலை முடிந்து அலுப்போடு வந்திருந்த நான், "அங்க இப்ப படிப்பிக்கிற ஒராளோட கதைச்சுப் பார், பிள்ளை" என்றேன்.

வீடியோ அழைப்பில் அந்தப் பள்ளியில் படிப்பிக்கும் மலேசியப் பெண் ஒருவர் வந்தார். பக்கத்தில் பள்ளி மேலாளர் இருந்தார். மகள் கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் "எல்லாம் நல்லது" என்றே பதில் வந்தது.

"உவவுக்கு விசா மாத்திக் குடுத்தவையோ எண்டு கேள்" என்று மகளிடம் முணுமுணுத்தேன். அது அந்தப் பெண்ணுக்கும் கேட்டுவிட்டது. நலம் விசாரிப்பவர் போலச் சிரித்தபடியே தமிழில் சொன்னார்.

"இன்னும் மாத்தல, ஐயா. கடப்பிதழும் அவங்ககிட்டதான் இருக்கு. மகள அனுப்பாதீங்க."

நாங்கள் கடவுச்சீட்டு என்பதை மலேசியாவில் அப்படிச் சொல்வார்கள். பாஸ்போர்ட் என்றிருந்தால் மேலாளருக்கு விளங்கியிருக்கும்.

நன்றி சொல்லி அவசரமாக அழைப்பை நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

"அப்பா, அவ எப்பிடி வெளியில வாறது?" என்றாள் மகள்.

நான் அவருடைய பெயரைக்கூடக் கேட்டிருக்கவில்லை.