முதலில் யார் வாயிலிருந்து வந்தது?

என் அக்கா புருஷன் பணி ஓய்வு பெற்ற அன்று, அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசும்படி நாங்கள் இருவரும் வேலை பார்த்த போலீஸ் ஸ்டேஷனில் என்னைக் கேட்டார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டில் படுத்துக்கொண்டேன். பேசியிருந்தால் கழுத்தில் போட்ட மாலை வாடும் முன்பே சண்டை வந்திருக்கும்.

வீட்டில் எனக்கு அவர் மாமா, ஸ்டேஷனில் ஐயா. இரண்டு இடத்திலும் அவரைக் கண்டால் எனக்கு ஆகாது. எப்பேர்ப்பட்டவனிடமிருந்தும் விஷயத்தைக் கறந்துவிடுவார் என்று அவருக்குப் 'பால்காரர்' என்று பட்டப்பெயர். அதில் மனிதருக்கு ஏகப்பட்ட பெருமை. கை ஓங்கமாட்டார், அதையும் சொல்லத்தான் வேண்டும். வாயே போதும் அவருக்கு.

அவர் கேட்கும் கேள்வி தனியாக வராது. பதிலையும் கையோடு கூட்டிக்கொண்டு வரும். "தலைவலி சரியாயிடுச்சு இல்ல?" என்பார் அக்காவிடம். அவள் நெற்றியில் தைலம் பளபளத்துக்கொண்டிருக்கும். "ஆமாங்க" என்பாள். "இந்தச் சட்டை எனக்கு எடுப்பா இருக்கு இல்ல?" "ஆமாங்க." கல்யாணத்துக்கு முன்னால் என்னோடு வாய்க்கு வாய் மல்லுக்கு நின்றவள் அவள். எனக்கு வயிறு எரியும்.

ஒரு துணிக் கிடங்கு தீப்பிடித்து எரிந்தபோது அதன் காவலாளியைப் பிடித்து வந்தார்கள். ஒல்லியான மனிதர், சட்டையெல்லாம் கரி. பின்னாலேயே ஓடி வந்த அவர் மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். விசாரணை அறையில் பேச்சைப் பதிவு செய்வது என் வேலை. வாயைத் திறக்க எனக்கு அனுமதி கிடையாது.

"முதலாளி லீவு தரல. உனக்குக் கோபம், அப்படித்தானே?" என்று ஆரம்பித்தார் மாமா.

"இல்லைங்க ஐயா..."

"பொய் சொல்லாத. பின்பக்க ஜன்னல் வழியா மண்ணெண்ணெய ஊத்தின, இல்ல?"

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க."

"ஒத்துக்கிட்டா நீயும் வீட்டுக்குப் போலாம், நானும் போலாம். மண்ணெண்ணெய்தானே?"

பொழுது சாயும்வரை இதையே திருப்பித் திருப்பிக் கேட்டார். கடைசியில் காவலாளி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "ஆமாங்க ஐயா. கோபம். மண்ணெண்ணெய். பின்பக்க ஜன்னல்" என்றார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தியாடா மச்சான், எப்படிக் கறந்தேன்!" வீட்டுக்கு எங்கே போவது? அந்த மனிதர் இனி வருஷக்கணக்கில் கம்பி எண்ண வேண்டியதுதான்.

மறுவாரம் தலைமையகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தார். மனிதர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறார்கள், பேச்சு எங்கே கெட்டுப்போகிறது என்பதைப் படித்தவர். விசாரணை செய்பவர்களுக்கு அதைப் பாடமாகவும் எடுப்பவர். ஆய்வகத்தின் முடிவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். கிடங்கில் மண்ணெண்ணெய் ஒரு சொட்டுகூட இல்லை. தீ கிளம்பியது முன்பக்க மின்பெட்டியில்.

"அப்ப மண்ணெண்ணெய்னு அவன் ஏன் சொன்னான்? வேற எதையோ மறைக்கிறான்" என்றார் மாமா. விட்டுக்கொடுப்பாரா!

அதிகாரி பதிவைப் போடச் சொன்னார். இடையிடையே நிறுத்தச் சொல்லி என்னைக் கேட்டார். "கோபம்ங்கறது முதல்ல யார் வாயிலேருந்து வந்துச்சு?"

"ஐயா வாயிலேருந்து."

"மண்ணெண்ணெய்?"

"ஐயா."

"ஜன்னல்?"

"அதுவும் ஐயாதான் மேடம்." உள்ளுக்குள் எனக்கு ஒரே குஷி.

அவர் மாமா பக்கம் திரும்பினார். "நீங்க சொன்னதேதான் சார் உங்களுக்குத் திரும்பி வந்திருக்கு. அவருக்குத் தெரிஞ்சது ஒண்ணுகூட இதுல இல்ல."

"படிச்சவங்க ஆயிரம் பேசலாம். தினம் திருடன் மூஞ்சில முழிக்கறவன் நான்."

"அவர் திருடர்னு யார் சொன்னது?"

மாமாவின் முகம் கடுகடுவென்று ஆனது. பாலை இவரே ஊற்றி இவரே கறந்திருக்கிறார், அதற்கு ஊரெல்லாம் பெருமை வேறு!

காவலாளியை மறுபடி கூட்டி வந்தார்கள். "அன்னைக்கு நீங்க வேலைக்கு வந்ததுலேருந்து என்ன நடந்துச்சோ, உங்க போக்குல சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்" என்றார் அதிகாரி. அதோடு வாயை மூடிக்கொண்டார். மின்விசிறி மட்டும் கடகடத்தது. மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை, தொண்டையைச் செருமினார். அதிகாரி அவர் பக்கம் உள்ளங்கையைக் காட்டினார்.

காவலாளி அதிகாரியைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். "என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்கம்மா. அப்படியே சொல்லிடறேன்."

எனக்குச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

"நான் எதையும் சொல்லித் தரமாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சது போதும்" என்று அதிகாரி காத்திருந்தார். வெகுநேரம் கழித்துக் காவலாளி மெல்ல ஆரம்பித்தார். விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தன. முன்வாசல் மின்பெட்டியில் படபடவென்று பொறி பறந்தது. ஓடிப்போய்ப் பெட்டியின் சுவிட்சுப் பிடியை இழுத்து அணைக்கப் பார்த்தார். "இரும்பு பழுக்கக் காய்ஞ்சிருந்துச்சுங்கம்மா" என்று வலது கையை விரித்தார். உள்ளங்கை முழுக்க வெந்து தோல் உரிந்திருந்தது. முன்வாசல் என்றோ மின்பெட்டி என்றோ அவரிடம் யாரும் மூச்சுவிட்டிருக்கவில்லை. அந்தக் கையில் என்ன காயம் என்றும் அதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

அவரை விட்டுவிட்டார்கள். வாசலில் அவர் மனைவி மாமாவை மறித்து நின்றாள். "நீயெல்லாம் நல்லா இருப்பியா?" என்று கேட்டுவிட்டுப் புருஷனைக் கூட்டிக்கொண்டு போனாள்.

அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன். மாமாவின் தோற்றுப்போன மூஞ்சியைப் பார்க்கத்தான் போனேன், ஒளிப்பானேன். நாற்காலியில் கிடந்தார். அக்கா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நான் ஒண்ணும் பெரிய தப்பு பண்ணிடல இல்ல?"

"ஆமாங்க."

அவர் டம்ளரைத் தொடவில்லை. தலையைத் தூக்கி அக்காவைப் பார்த்தார். "என்னைப் பத்தி நீ என்ன நினைக்கற?"

அப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டு நான் கேட்டதே இல்லை. சொல்லுடி, மனசுல உள்ளதெல்லாம் கொட்டுடி என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், முந்தானையை விரலில் சுற்றினாள்.

"என்ன சொல்லணும்னு நீங்களே சொல்லிடுங்க" என்றாள். "அப்படியே சொல்லிடறேன்."