கணவர் பெயர்: தெரியவில்லை

உரைபெயர்ப்பாளருக்கு மொழி இரண்டு. சொந்த வாய்தான் இல்லை. இத்தொழிலில் என்னோடு சேர்ந்து அல்லற்படுவோருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நான்காம் கேள்வி

2011இல் ஆஸ்திரேலியாவின் வில்லாவுட் தடுப்பு முகாமில் அகதி விசாரணை. முல்லைத்தீவிலிருந்து படகில் வந்த குடும்பம்: கணவர், மனைவி, ஒரு மகள். கணவர் முதல்நாளே பதில் சொல்லி முடித்திருந்தார். மறுநாள் மனைவி பரமேஸ்வரியின் முறை. "கணவரின் பெயர்?" என்றார் அதிகாரி. அவள் தலைகுனிந்தாள். "பேரைச் சொன்னா அவருக்கு ஆயுள் குறையும். ஷெல்லடியில அவர் தப்பினதே நான் வாய் காத்ததாலதான்."

ஒரு சொல்லும் சிந்தாமல் ஆங்கிலத்தில் சொன்னேன். அதிகாரி நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நம்பிக்கைகளுக்கு இந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'தெரியவில்லை' என்று எழுதுகிறேன்."

விமானத்தில் வந்தவர்

கணவர் பெயரே 'தெரியவில்லை' என்றானதால் திருமணத்தின் மேலேயே சந்தேகம் விழுந்தது. அது பொய்யென்று முடிவானால் கணவருக்கு இங்கே இடம். அவளுக்கும் மகளுக்கும் திரும்பும் விமானம். திருமணத்துக்குச் சென்ற ஒருவரின் கடிதம் உதவும் என்றார் அவர்களின் சட்டத்தரணி. அவர் அழைத்ததன்பேரில் அவ்வூர்க்காரர் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். மாணவ விசாவில் வந்து இங்கேயே அகதியானவர். அதை வசதியாக மறந்துவிட்டவர். கடிதத்தை இருமுறை வாசித்தார். பேனாவை மூடினார். என் பக்கம் திரும்பினார்.

"ஓம் அன்ரி, பந்தியில இருந்து சாப்பிட்டனான்தான். அதுக்காகப் படகில வந்தவைக்குக் கையெழுத்து வைச்சா, பிளேனில வந்த எங்கட மரியாதை என்னாகிறது?"

இரவல் வாய்

மறுவிசாரணைக்கு வேறோர் அதிகாரி, கேள்வி அதேதான். பரமேஸ்வரி என் பக்கம் சாய்ந்தாள். "இங்கிலீசில நீங்கள்தானே சொல்லப் போறியள், அன்ரி? பேரையும் நீங்களே சொல்லிவிடுங்கோவன்." கணவரின் பெயர் என் முன்னிருந்த தாளிலேயே இருந்தது. ஆனாலும், "நீங்கள் சொல்லாததை நான் சொல்ல இயலாது, பிள்ளை," என்றேன். இதைவிடக் கொடிய வாக்கியம் எதையும் நான் சரியாகச் சொன்னதில்லை.

அவள் தாலியை இறுகப் பற்றிக்கொண்டு, கண்களை மூடி, "சிவராசா" என்றாள். அதிகாரி படிவத்தின் நான்காம் கட்டத்தில் சரி போட்டார்.

சில வாரங்களில் மூவருக்கும் விசா கிடைத்தது. வாசலில் சந்தித்தபோது சிவராசா சிரித்தார். "எல்லாம் சரிதான், அன்ரி. ஆனா அண்டைக்குப் பேரைச் சொன்னதில இருந்து நான் தும்மினாலே இவ அழுறா."

ஷெல்லடிகூடப் பறிக்காத ஓர் ஆயுளைப் படிவத்தின் நான்காம் கட்டத்துக்காகப் பணயம் கேட்ட நாடு இது. இதற்கு நான் சொற்பிழை ஒன்றுமின்றி உதவியிருக்கிறேன்.