நான்கு ஆல்பம் தூரம்

சனிக்கிழமை, அதிகாலை 4.40. ஜெர்சி சிட்டி, ஜர்னல் ஸ்கொயர் நிலையத்தில் நெவார்க் ரயிலுக்காக நின்றபோது பிளாட்பாரத்தில் என்னையும் சேர்த்து ஏழு பேர். கட்டணம் மூன்று டாலர். நெவார்க்கில் ரயில் மாறி விமான நிலையம். அங்கிருந்து டல்லாஸ், ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம் மைல். போகவர டிக்கெட் 236 டாலர். பிறகு காரில் ஆஸ்டின். இவ்வளவும் ஒரு ராக் கச்சேரிக்காக என்று அலுவலகத்தில் சொன்னபோது பக்கத்து இருக்கை தெலுங்கு நண்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் மனைவி நஸ்ரின் அதைக்கூடச் செய்யவில்லை. முட்டை சாண்ட்விச் நான்கைச் சுற்றிப் பையில் வைத்து, "காதுல பஞ்சு வச்சுக்கோங்க. ஜெயா அண்ணன ஒத்துக்க வைக்காம வராதீங்க" என்றாள்.

கச்சேரி பாதி உண்மைதான். மீதிப் பாதி ஜெயசீலன். அவன் நாகர்கோவில், நான் தக்கலை. திருச்சியில் பொறியியல் படித்த நான்கு வருடமும் விடுதியில் ஒரே அறை. அவன் இரவு ஜெபம் சொன்னதும் நான் விடியலில் தொழுததும் ஒரே டியூப்லைட்டின் கீழ்தான். பதினான்கு வருடமாக டல்லாஸ் பக்கம் பிளேனோவில் இருக்கிறான். ஆறு வாரத்துக்கு முன் வேலை போய்விட்டது. விசாக்காரனுக்கு வேலை போனால் அறுபது நாள் தவணை. அதற்குள் வேறு வேலை பிடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டும். நாற்பத்தொரு நாள் ஓடிவிட்டது. நான் வேலை செய்யும் வங்கியில், என் டீமிலேயே ஓர் இடம் காலி. மேனேஜரிடம் பேசி எல்லாம் முடித்து வைத்திருந்தேன். திங்கள் காலை ஒன்பதுக்குள் அவன் சரி என்று சொன்னால் போதும். அவனோ ஊருக்கே போய்விடலாமா என்று இழுத்துக்கொண்டிருந்தான். கையோடு கையாகச் சம்மதம் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் என் பயணத்தின் நோக்கம்.

காலை 9.25, டல்லாஸ். வாசலிலேயே காரோடு நின்றான். "என்னலே, தலையெல்லாம் கொட்டிருச்சு?" என்று கட்டிக்கொண்டான். பின் சீட்டில் அவன் மனைவி ஸ்டெல்லா. மகள் ஐரினைத் தோழி வீட்டில் விட்டிருந்தார்கள். ஸ்டெல்லா எனக்காக முன் சீட்டை ஏற்கெனவே காலி செய்திருந்தாள்.

"நீயும் வர்றியாம்மா? காது போயிரும்" என்றேன்.

"பதினேழு வருஷமா வீட்டுக்குள்ள கேட்ட சத்தம்தானே அண்ணா. போடறவங்க மூஞ்சியையும் பாத்துருவோம்னு வந்தேன்."

ஸ்டெல்லா பல் மருத்துவர். நாகர்கோவிலில் மூன்று வருடம் பல் பிடுங்கியவள், இங்கு வந்தபின் ஒரு பல்லையும் தொட்டதில்லை. முதலில் விசா இடம் கொடுக்கவில்லை. பிறகு மறுபடியும் இரண்டு வருடம் படிக்க வேண்டும் என்றார்கள். அதற்குள் குழந்தை வந்துவிட்டது.

ஆஸ்டினுக்கு ஏறக்குறைய இருநூறு மைல். ஸ்லேட் சாப்பல் குழுவின் ஆல்பங்கள் மொத்தம் நான்கு. நான்கையும் கேட்டு முடிக்க மூன்றரை மணி நேரம். கணக்கு சரியாக இருந்தது. "வந்த வரிசையிலதான் கேக்கணும். நடுவுல பேசிக்கலாம், பாட்டைத் தள்ளக் கூடாது" என்று ஜெயா சட்டம் போட்டான்.

ஸ்லேட் சாப்பலைத் தெரியாதவர்களுக்கு: பிரிட்டனில், வேல்ஸின் வடபகுதியில், பலகைக்கல் வெட்டும் ஒரு மலையூரில் நான்கு பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. முதல் ஆல்பத்தைப் பதினொரு நாளில், மூடிப்போன ஒரு சிறு தேவாலயத்துக்குள் பதிவு செய்தார்கள். மூன்றாவது பாட்டில் கூரைமேல் மழை விழுவது கேட்கும். திருச்சி வெயிலில் விசிறி இல்லாத அறையில் அந்த மழையைக் கேட்ட சுகத்தை இன்றைக்கும் என்னால் மறக்க முடியவில்லை. ஊரில் ஒரு ரெக்கார்டிங் கடைக்காரர் சிடியிலிருந்து எங்களுக்குக் கேசட்டில் ஏற்றிக் கொடுத்தார். கேசட் அறுபது நிமிடம்; ஆல்பம் அதைவிடச் சற்று நீளம். அதனால் கடைசிப் பாட்டு பாதி வரியில், ஒரு சொல்லின் நடுவே, சட்டென்று நின்றுவிடும். அது டேப் தீர்ந்ததால் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்? வேண்டுமென்றே அப்படி முடித்திருக்கிறார்கள் என்று நினைத்தோம். "இதுதான்லே கலை" என்று ஜெயா வகுப்பு வகுப்பாகப் போய் விளக்கினான். கல்லூரி விழாவில் அவன் பாட, நான் கிடார் வாசிக்க, அந்தச் சொல்லிலேயே நிறுத்திவிட்டுச் சிலைபோல் நின்றோம். மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து முதல்வர் ஆள் அனுப்பினார்.

11.10, வெஸ்ட். இது திசையல்ல, ஊரின் பெயர். செக் நாட்டிலிருந்து குடியேறியவர்கள் விற்கும் கொலாச்சி என்ற இனிப்பு பன்னுக்குப் பேர்போனது. தொத்திறைச்சி வைத்ததை விட்டுவிட்டு ஆப்ரிகாட் வைத்ததாகப் பார்த்து ஆறு வாங்கினேன். ஒன்று இரண்டே கால் டாலர். அதற்குள் இரண்டாவது ஆல்பமும் முடிந்திருந்தது. அது தென் வேல்ஸில் ஒரு மாட்டுப்பண்ணையில் பதிவானது. அவர்களை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்ததும் அதுதான். மூன்றாவதை லாஸ் ஏஞ்சலிஸில் எட்டு மாதம் உட்கார்ந்து செய்தார்கள். வயலின் என்ன, கோரஸ் என்ன! அது விற்கவில்லை. கிடார்காரர் குழுவை விட்டுப் போனார். மற்றவர்கள் ஊர் திரும்பினார்கள்.

"எனக்கு இதுதான்லே பிடிக்கும். இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே பொறுத்திருந்தா மேல வந்திருப்பாங்க" என்றேன்.

"இதுல அவங்க குரலே அவங்களுக்குக் கேட்டிருக்காது மக்கா" என்றான் ஜெயா.

"அவசரப்பட்டு ஊருக்கு ஓடினாங்க. ஓடி என்னத்தக் கண்டாங்க?"

"நாலாவது ஆல்பம் போட்டாங்க இல்லையா?"

"அத வாங்குனது நீ ஒருத்தன்தாம்லே."

"ரெண்டு பேரும் பாட்டைப் பத்தித்தான் பேசுறீங்களா?" என்றாள் ஸ்டெல்லா பின்னாலிருந்து.

நான்காவது முழுக்க அவர்கள் ஊர் மொழியான வெல்ஷ். மறுபடியும் அதே தேவாலயத்தில் பதிவு செய்தது. நான் அதை வாங்கவே இல்லை. ஜெயாவுக்கோ ஒரு சொல்லுக்கும் அர்த்தம் தெரியாமல் எல்லா வரியும் மனப்பாடம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஸ்டின் வந்துவிட்டது.

மாலை 6.00. ஒரு பீர்க்கடைக்குப் பின்னால் திறந்தவெளி. டிக்கெட் 45 டாலர். முந்நூறு பேர் இருக்கலாம், பாதித் தலைகள் நரை. பாடகர் இப்போது பள்ளி ஆசிரியராம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பாடம் எடுப்பதுபோல் நிதானமாகத் தொடங்கினார். கிடார்காரர் இடத்தில் பாடகரின் மகள் வாசித்தாள். இதுவே கடைசிச் சுற்றுப்பயணம், இனி வரமாட்டோம் என்றார் பாடகர்.

எட்டாவதாக எங்கள் பாட்டு வந்தது. நானும் ஜெயாவும் தொண்டை கிழியப் பாடினோம். அந்தச் சொல்லின் நடுவே இருவரும் ஒரே சமயத்தில் நின்றுவிட்டோம். கூட்டம் பாடிக்கொண்டே போயிற்று. இத்தனை வருடத்தில் அந்தப் பாட்டை முழுதாக எத்தனை நூறு முறை கேட்டிருப்போம்! ஆனாலும் வாய் கேசட்டைத்தான் நம்பியது. ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கத் தொடங்கி, சிரிப்பு அடங்காமல் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவனை விட்டுவிட்டு நான் ஜெர்சியில் என்ன செய்யப்போகிறேன் என்று அப்போது தோன்றியதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஸ்டெல்லா பஞ்சு வைக்கவில்லை. கண்ணெடுக்காமல் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லாயிருக்கா என்று கேட்டேன். "பாடுறவரு மேல் வரிசையில ரெண்டாவது பல்லு புதுசா வச்சிருக்காரு அண்ணா. அருமையா செஞ்சிருக்காங்க, கலர் வித்தியாசமே தெரியல" என்றாள். இதைவிட்டால் வேறு விமர்சனம் கிடையாதா என்று கிண்டல் செய்தேன்.

ஞாயிறு, காலை 9.30. ரவுண்ட் ராக் மோட்டலில் தங்கிவிட்டு (ஓர் அறை 84 டாலர்) திரும்பும் வழியில், ஹில்ஸ்பரோவுக்கு முன்னால் ஓர் ஓய்விடம். சிமென்ட் மேசை, பக்கத்தில் லாரிகள். நான் கடைசி ஆயுதங்களை எடுத்தேன். ஐரினின் படிப்பு, கிரீன் கார்டுக்குக் காத்திருந்த வருடங்கள், ஒரே டீமில் இருவரும். அடிமேல் அடித்தால் அம்மியும் நகரும் என்பது பொய்யில்லை. "சரிலே, வாறேன். நாளைக்குக் காலையில மெயில் போட்டுருகேன்" என்றான் ஜெயா. எனக்குக் கப்பல் கரைசேர்ந்த நிம்மதி.

ஸ்டெல்லா ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினாள். "அவருக்கு வேலை பாத்துக் கொடுத்துட்டீங்க. ரொம்ப சந்தோஷம் அண்ணா. எனக்கு என்ன பாத்திருக்கீங்க?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று நினைத்தேன். "அங்க நஸ்ரின் இருக்கா, நிறைய தமிழ் ஆளுங்க இருக்காங்க. உனக்கு போரே அடிக்காது" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"பதினாலு வருஷமா போர் அடிக்காமத்தான் பாத்துக்கிட்டாங்க அண்ணா. காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தி நாகர்கோவில்ல க்ளினிக் வச்சிருக்கா. உனக்குன்னு ஒரு சேர் போட்டு வச்சிருக்கேன், வாடின்னு கூப்பிடுறா. இவர் உங்ககிட்ட சொன்னாரா?"

ஜெயா காபியைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சொல்லல" என்றான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்குப் பயமா இருக்கு ஸ்டெல்லா. இந்த வயசுல அங்க போயி நான் என்ன செய்வேன்? யாருக்கு என்னைத் தெரியும்?" என்றான்.

"நான் இங்க வந்து இறங்கினப்போ அதையேதான் நெனச்சேன்" என்றாள் அவள். குரலை உயர்த்தவில்லை. "அன்னைக்கு யாரும் என்கிட்ட கேக்கல."

பக்கத்தில் லாரி ஒன்று கிளம்பிப் போனது. பிறகு ஜெயா என் பக்கம் திரும்பினான். "மக்கா, உங்க மேனேஜர்ட்ட வேண்டாம்னு சொல்லிரு. அந்த சேர் காலியா கிடக்கக் கூடாது."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. எத்தனை பேரிடம் பேசி வாங்கிய வேலை! மிச்ச தூரத்தில் அந்தக் கோபம் வெட்கமாக மாறியது. நாங்கள் ஆறு வாரம் போனில் பேசியிருக்கிறோம். பேசி முடித்ததும் "ஸ்டெல்லாவையும் கேட்டதா சொல்லுலே" என்று தவறாமல் சொல்லியிருக்கிறேன். அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் எனக்குத் தோன்றவே இல்லை.

பகல் 1.05. விமான நிலைய வாசலில் ஜெயா என்னை விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்ற கார்க்காரர் ஹாரன் அடித்தார். ஸ்டெல்லா மீதிக் கொலாச்சிகளை என் பையில் திணித்தாள். உள்ளே உட்கார்ந்து மேனேஜருக்கு இரண்டு வரி எழுதினேன். அனுப்பும் பொத்தானை அழுத்தக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஏறுமுன் போனில் இறக்கிக்கொண்ட நான்காவது ஆல்பத்தை விமானத்தில் முழுதாகக் கேட்டேன். இரண்டு பாட்டு பிடித்தது. மற்றவை இப்போதும் பிடிக்கவில்லை. ஆனால் பாடகர் மூச்சு வாங்கும் இடமெல்லாம் தெளிவாகக் கேட்டது. லாஸ் ஏஞ்சலிஸ் ஆல்பத்தில் அது கேட்காது.

இரவு 7.40, ஜெர்சி சிட்டி. நஸ்ரின் அடுப்பில் சால்னாவைக் கிண்டிக்கொண்டே, "ஒத்துக்கிட்டாரா?" என்றாள். இல்லை என்று சொல்லி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜெயாவைப் பற்றி அவள் கேட்கவில்லை. "ஸ்டெல்லா அப்படியேவா கேட்டா?" என்று மட்டும் இரண்டு முறை கேட்டாள். நஸ்ரின் கணக்கில் முதுகலை. கல்யாணத்துக்கு முன் தக்கலையில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவள். இதை எழுதும்போதுதான் இந்தக் கட்டுரையில் அதை இவ்வளவு நேரம் சொல்லவே இல்லை என்று தெரிகிறது.

"நீ இங்க வந்தப்போ என்ன செய்யணும்னு நெனச்சே?" என்றேன்.

கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"இருங்க. இருபத்தோரு வருஷம் கழிச்சுக் கேட்டிருக்கீங்க. யோசிச்சுத்தான் சொல்லணும்."

பையைக் கீழே வைத்துவிட்டு நானும் எதிரே உட்கார்ந்தேன்.