கறுப்புப் பெட்டியும் மகளின் இடது காதும்

மலேசியாவின் கிள்ளான் நகரில், எங்கள் வீட்டு வரவேற்பறையில், தொலைக்காட்சிக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. அதற்குப் பெயர் மியூசிக் ஸ்ட்ரீமர். இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதுதான் அதன் மொத்த வேலை. அதற்கு முன் அதே வேலையை என் கணவரின் பழைய லேப்டாப் செய்துகொண்டிருந்தது. இரண்டு எழுத்துகள் பெயர்ந்துபோன விசைப்பலகையோடு, ஒரு மலிவான அடாப்டரைச் செருகிக்கொண்டு, எந்தப் புகாரும் இல்லாமல்.

பெட்டியைத் துடைக்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வருகிறது. அதை வாங்கி வந்தது நான்தான். பாட்டுப் பைத்தியம் பிடித்து வாங்கவில்லை. பயத்தில் வாங்கினேன்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பெண்கள் மட்டும் இருக்கும் ஒரு உறுமி மேளக் குழுவில் உறுமி வாசிக்கிறாள். போன வருடம் ஒரு கோயில் திருவிழாவில் தேருக்கு முன்னால் வாசித்துவிட்டு வந்தவள், மறுநாள் காலை எழுந்து, "இடது காதுல பஞ்சு வெச்சு அடைச்ச மாதிரி இருக்கு மா" என்றாள். பஞ்சு இல்லை. உள்ளே நரம்பு பாதிக்கப்பட்டிருந்தது. மேளச் சத்தத்தால் வந்ததா, கிருமியால் வந்ததா என்று மருத்துவருக்கே உறுதியாகத் தெரியவில்லை. மாத்திரைகள் கொடுத்தார். கொஞ்சம் கேட்கும் திறன் திரும்பியது. மீதி திரும்பவில்லை. "பொறுத்துத்தான் பார்க்கணும்" என்றார். பொறுத்துப் பார் என்று ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது அவர்களுக்கு! நான் கூப்பிட்டுப் பிள்ளை திரும்பவில்லை என்றால் இன்றும் ஓடிப்போய் அவள் முன்னால் நிற்கிறேன்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் அவள், "பாட்டெல்லாம் முன்ன மாதிரி இல்ல மா. சப்புன்னு இருக்கு" என்றாள். அப்போது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது லேப்டாப்பிலிருந்து.

நான் அந்த லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டேன். காதை மாற்ற முடியாது. லேப்டாப்பை மாற்றலாம் அல்லவா?

ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கும் என் தம்பிக்கு இதெல்லாம் அத்துப்படி. அவன் வீட்டில் ஒரு முழு அறையே ஸ்பீக்கருக்கு. மனைவி துணி காயப்போடக்கூட அங்கே இடமில்லை. தொலைபேசியில் சொன்னதும் துள்ளிக் குதித்தான்.

"கம்ப்யூட்டர்ல பாட்டு கேக்கறதா? அக்கா, அதுக்குள்ள ஃபேன் ஓடுது, மெயில் வருது, என்னென்னமோ நடக்குது. அத்தனை அழுக்கும் பாட்டுல கலந்திடும் லா."

"அழுக்கா?"

"நீ வீட்டுக்கு வா. உன் காதாலேயே கேளு."

போனேன். முதலில் தன் கம்ப்யூட்டரில் ஒரு பாட்டைப் போட்டான், பிறகு ஸ்ட்ரீமரில். ஸ்ட்ரீமரில் பாடகி மூச்சு இழுப்பதுகூட எனக்குக் கேட்டது. தபலா என் நெஞ்சுக்கு அருகில் வந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. இவ்வளவு நாளும் என் பெண் குறைப்பட்டது காதால் இல்லை, அந்தப் பாழாய்ப்போன லேப்டாப்பால் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குக் காரை ஓட்டினேன். அந்த வாரமே பெட்டி வந்தது.

தம்பியே வந்து இணைத்தான். அதே ஆம்ப்ளிஃபயர், அதே ஸ்பீக்கர். பெட்டியையும் லேப்டாப்பையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினான். எனக்கு மறுபடியும் வித்தியாசம் கேட்டது. மகள் தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டாள்.

"ரெண்டும் ஒண்ணுதான் லா மா."

"நல்லா கேளு."

"கேட்டுட்டேன். ஒண்ணுதான்."

ஐம்பதை நெருங்கும் என் காதுக்குக் கேட்கிற வித்தியாசம் இவளுக்குக் கேட்கவில்லை. அப்படியென்றால் மீதி இருந்ததும் போய்க்கொண்டிருக்கிறதா? ஆறுதலுக்கு என்று வாங்கிய பெட்டி, என் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு என் பிள்ளைக்குக் கேட்கவில்லை என்று சொல்லத் தொடங்கியது.

அதற்குப் பிறகு நான் அவளை நிம்மதியாக இருக்கவிடவில்லை. சமையலறையிலிருந்து மெதுவாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். முதுகுக்குப் பின்னால் கரண்டியைப் போட்டுப் பார்த்தேன். சாப்பிடும்போது, "பின்னாடி கஞ்சிரா வருதே, கேக்குதா?" என்றேன். "பாட்டை விடு, என்னை முதல்ல சோறு திங்க விடு" என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸில் அவளுக்குக் காது பரிசோதனை செய்யும் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, அடுத்த பரிசோதனையை முன்கூட்டியே வைக்கச் சொன்னேன். இது தெரிந்ததும் அவள் வெடித்துவிட்டாள்.

"என் காதை டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி உன் காதை டெஸ்ட் பண்ணுவோமா? மாமாவையும் வரச் சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை தம்பி நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்களோடு வந்தான். அவனுக்கு இது ஒரு விளையாட்டுப் போட்டி. மகள் எங்கள் இருவரையும் ஸ்பீக்கரைப் பார்த்து உட்காரவைத்து, நடுவில் ஒரு போர்வையைப் பிடித்து நிற்கும்படி அவள் அப்பாவிடம் சொன்னாள். அவள் எதை மாற்றுகிறாள் என்று எங்களுக்குத் தெரியக்கூடாதாம்.

தொடங்குவதற்கு முன், இரண்டிலும் ஒரே சீரான ஓசையை ஓடவிட்டு, கைப்பேசியில் சத்தத்தை அளக்கும் செயலியைத் திறந்து வைத்தாள்.

"பாருங்க மாமா. உங்க பெட்டி சத்தம் கூட. வால்யூமைத் தொடாம அப்படியே மாத்திக் காட்டினீங்க."

"கொஞ்சம்தானே லா கூட?"

"அந்தக் கொஞ்சம்தான் விஷயம். மேளத்துல புதுசா சேர்ற பிள்ளைங்க எல்லாம் இப்படித்தான். ஓங்கி அடிச்சா நல்லா இருக்குன்னு நினைப்பாங்க. பக்கத்துல இருக்கறவ அளவுக்குக் குறைச்சு அடிடின்னா, அப்பதான் வாசிக்கத் தெரியுதா இல்லையான்னு தெரியும்."

லேப்டாப்பின் சத்தத்துக்குச் சமமாகப் பெட்டியின் சத்தத்தைக் குறைத்தாள். பிறகு பாட்டைப் போட்டாள், மாற்றினாள், மறுபடி மாற்றினாள். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பாடகியின் மூச்சைத் தேடினேன். இரண்டிலும் இருந்தது. "இதுதான் பெட்டி!" என்று தம்பி கை தூக்கியபோது லேப்டாப் ஓடிக்கொண்டிருந்தது. "இது கம்ப்யூட்டர், அழுக்கு தெரியுது பாருங்க" என்றபோது அவனுடைய அருமைப் பெட்டி. பாதி சரி, பாதி தப்பு. எனக்கும் அதே கதிதான்.

போர்வைக்குப் பின்னாலிருந்து என் கணவர், "கண்ணை மறைச்சதும் விலை கேக்கமாட்டேங்குதே, மச்சான்?" என்றார்.

"இல்ல அத்தான், உங்க வீட்டுக் கரண்டு சரியில்ல. ஒரு நல்ல பவர் கேபிள் போட்டா..."

"கிள்ளான் கரண்டு உன் பெட்டிக்குப் பிடிக்கலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்க வேண்டும். பெட்டி வந்த அன்று என் பெண் சொன்னது சரிதான் என்றாகிவிட்டது. கூடுதல் சத்தத்தில் அவள் ஏமாறவில்லை. அவள் காது புதிதாகக் கெட்டுப்போகவில்லை. அது நல்ல செய்தி. ஆனால் அடுத்த நொடியே எனக்கு மற்றது உறைத்தது. லேப்டாப்பில் குற்றம் இல்லையென்றால், பாட்டு சப்பென்று ஆனது எதனால்?

தம்பி போன பிறகு அதை அவளிடம் கேட்டேன்.

"காதுலதான் மா. மேல் சுருதி சத்தம் எல்லாம் இடது பக்கம் வரதில்ல. எனக்கு முன்னாடியே தெரியும்."

"அப்புறம் ஏன் என்னை வாங்கவிட்டே?"

"என்னைக் கேட்டா வாங்கினே? நான் பாட்டு சப்புன்னு இருக்குன்னுதான் சொன்னேன். லேப்டாப்னு சொன்னது நீ."

அப்போதுதான் அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியைக் கவனித்தேன். ஸ்பீக்கரைப் பார்த்து நேராக இல்லை. வலது காது முன்னால் வரும்படி ஒருக்களித்துப் போட்டிருந்தாள். பல வாரங்களாக அது அப்படித்தான் கிடந்தது. வீடு கூட்டும்போதெல்லாம் அதை நேராக்கி வைத்தது நான்தான். யாரடா இப்படிப் போடுவது என்று முணுமுணுத்துக்கொண்டே.

பரிசோதனையை நான் ரத்து செய்யவில்லை. அவளும் சண்டை போடவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் அந்தச் சின்னக் கண்ணாடி அறைக்குள், ஓசை கேட்டால் பொத்தானை அழுத்தும்படி உட்காரவைத்தார்கள். நான் வெளியிலிருந்து அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவு போன தடவை மாதிரியேதான். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மறுபடியும், பொறுத்துப் பார்க்கலாம். இந்தச் சொல்லைக் கேட்க எனக்கு இனி தெம்பில்லை.

"அடுத்த மாசம் மேளம் பிராக்டிஸ் ஆரம்பிக்குது" என்றாள் படியிறங்கும்போது. சத்தத்தைக் குறைக்கக் காதில் போடும் அடைப்பான்கள் உள்ள சின்ன டப்பாவைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினாள். நான் சாலையைப் பார்த்தபடி, வேண்டாம் என்று சொன்னேன். ஏன் வேண்டாம் என்று நீளமாகவே சொன்னேன். பதில் இல்லை. கோபத்தோடு திரும்பினேன். நான் அவளுடைய இடது பக்கம் நடந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் பேருந்து ஒன்று உறுமிக்கொண்டு நின்றது.

அவள் என் தோளைப் பிடித்து, என்னை மறுபக்கம் தள்ளிவிட்டு, "இப்ப சொல்லு. கேக்குது" என்றாள்.

சொல்ல வேண்டியதை மறுபடி முதலிலிருந்து சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "சரி மா, ஆனா நான் போவேன்" என்றாள்.