புகையில்லாத தணல்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் ஐந்து பேர். நான். என் தங்கை. அவள் பெற்ற பெண் பிள்ளை, பிறந்து பத்தொன்பது நாள். தங்கையின் வீட்டுக்காரர், இரவு வேலை முடிந்து வந்து ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்தார். அவருடைய அம்மா, நாங்கள் அத்தை என்று கூப்பிடுகிறவர். மஸ்ஜித் தானா என்ற ஊரில் இருக்கும் அவரைக் காலையில் மகன்தான் காரில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். என் வீட்டுக்காரர் லாரியோடு ஜொகூர் போயிருந்தார், அவர் கணக்கில் இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டபோது இதே வரிசையில்தான் சொன்னேன். பிறகு சொந்தக்காரர்கள் கேட்டபோதும் அப்படியே சொன்னேன். இப்போது யாரும் கேட்பதில்லை. வாய் மட்டும் அந்த வரிசையை மறக்கவில்லை.

எங்களுக்கு அம்மா இல்லை. அதனால் பிள்ளை பெற்ற தங்கையை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிற வேலை எனக்கு வந்தது. செலண்டார் பக்கத்தில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் எங்கள் வீடு. பின்னால் சின்னதாக ஒரு கொல்லை, அதில் தகரம் போட்ட விறகு அடுப்பு. பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாளும் நொச்சி இலையும் வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில்தான் குளியல். மூன்று வாளி பிடிக்கிற அண்டாவை கேஸில் ஏற்றினால் சிலிண்டர் தோம்பு ஒரு வாரம் தாங்காது. விறகுதான் வழி.

விறகு எரிப்பதில் நான் கவனமான ஆள். பக்கத்துத் தோட்டத்தில் பழைய ரப்பர்ப் பால்மரங்களை வெட்டிச் சாய்த்தபோது ஒரு லாரிக் கட்டை வாங்கி, தங்கைக்கு ஏழாவது மாதம் நடக்கும்போதே பிளந்து அடுக்கிவிட்டேன். பச்சைக் கட்டை எரியாது, அழும். நுனியில் நுரை தள்ளும், தண்ணீர் சொட்டும், வீடு முழுக்கப் புகை. இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். காய்ந்தது 'டங்'கென்று சத்தம் போடும், ஈரக் கட்டை 'தொப்'பென்று கேட்கும். மணிக்கட்டுப் பருமனுக்கு மேல் வைக்க மாட்டேன். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே காற்றுப் போக வழி விடுவேன். தோட்டத்து ஆட்கள் நெருப்புப் பிடிக்க உறைந்த ரப்பர்க் கட்டிப்பால் துண்டைப் போடுவார்கள், உடனே பற்றிக்கொள்ளும். ஆனால் கறுப்புப் புகையும் நாற்றமும் தாங்காது. நான் அதைத் தொடமாட்டேன். தேங்காய் மட்டைதான். சாம்பலைக் காலையில் அள்ளித் தகர டின்னில் போட்டு, மேலே தண்ணீர் தெளித்து மூடி வைப்பேன். அக்கம்பக்கத்தில் யாரும் என் அடுப்பைப் பற்றி ஒரு குறை சொன்னதில்லை.

எனக்குப் பயம் அதிகம். இரண்டாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான், மற்றவர்களுக்குத் தெரிவது எனக்குத் தெரியாமல் போய்விடுமோ என்ற நினைப்பு எப்போதும் உண்டு. அதனால் எல்லாவற்றுக்கும் பயந்து வைப்பேன். பிள்ளை வரும் முன்பே தங்கைக்கு ஒதுக்கிய அறைக்கதவின் அடியில் ரப்பர் பட்டை ஒட்டினேன், பூரான் வரக்கூடாது என்று. சுவரில் ஜன்னலுக்கு மேலே காற்றுப் போக ஓட்டைக் கற்கள் இருக்கும். தாமானில் இரண்டு வீடு தள்ளி டெங்கி வந்திருந்தது. கொசு அந்த வழியாகத்தான் வரும் என்று தடித்த பிளாஸ்டிக்கை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டினேன். நாற்காலி மேல் நாற்காலி வைத்து ஏறி ஒட்டினேன். தங்கை பார்த்துவிட்டு, "பேங்க் லாக்கர் மாரி இருக்கு லா" என்றாள்.

குளித்து வந்ததும் தலைக்குச் சாம்பிராணி போடுவோம். பிறகு ஒரு பழைய குவாலிச் சட்டியில் தணலை அள்ளி அறைக்குள் வைப்போம். உடம்புக்கு அனல் படவேண்டும், அப்போதுதான் கர்ப்பப்பை சுருங்கும் என்பது அத்தை சொல்லி வந்த வழக்கம். முந்தின நாள் தணலில் கொஞ்சம் புகை மிச்சமிருந்து தங்கை இருமினாள், பிள்ளையும் தும்மியது. அதனால் அன்றைக்கு நான் அவசரப்படவில்லை. கட்டை முழுக்க எரிந்து, தழல் அடங்கி, புகை ஒரு இழைகூட இல்லாமல், சிவப்பாக மினுங்கும்வரை அடுப்பு முன்னாலேயே குந்தியிருந்தேன். இடுக்கியால் ஒவ்வொரு துண்டாகத் திருப்பிப் பார்த்துத்தான் எடுத்தேன். குவாலி நிறைய வந்தது.

மற்ற நாட்களில் ஜன்னல் ஒரு சாண் திறந்திருக்கும். அன்றைக்கு மதியம் மழை பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, ஜன்னல ஏன் தெறந்து வச்சிருக்க?" என்று அத்தை வந்தார். "ஈரக் காத்து நேரா அவ மேலல்ல அடிக்குது. ஜன்னி கண்டா யாரு பாக்கறது?"

"கொஞ்சம் இருக்கட்டும் அத்தை. தணல் இருக்கு உள்ள."

"இருந்தா? பொகையா வருது? எங்க தோட்டத்து லயத்துல கட்டிலுக்குக் கீழயே வச்சிருந்தாங்க, நாப்பது நாளும். அதுக்குன்னு எம் மவன் என்னா செத்தா போயிட்டான்? அந்தா, ஹால்ல கொறட்ட விடறான் பாரு, தெருவுக்கே கேக்குது."

தங்கை படுத்தபடியே சிரித்தாள். அத்தை ஜன்னலைச் சாத்திக் கொக்கி போட்டார். நானும் சும்மா இருந்தேன். புகை இல்லை என்பதை நானே பார்த்திருந்தேன் அல்லவா.

அவருடைய லயத்து வீடு பலகை வீடு. பலகைக்குப் பலகை விரல் நுழையும் சந்து இருந்திருக்கும், கூரைக்கும் சுவருக்கும் நடுவே பூனை நுழையும். என் வீடு சிமெண்டு. இது இப்போது எழுதும்போது வருகிற யோசனை. அன்றைக்கு வரவில்லை.

நான் அரை மணி நேரத்துக்குள் மூன்று தடவை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். மூன்றாவது தடவை தங்கை ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

"அக்கா, இது எத்தனாவது ரவுண்டு? ஜாகா காவலுக்கா வந்திருக்க?"

"பிள்ள மூச்சு விடுதான்னு பாத்தேன்."

"விடாம? ஒன்ன இன்சூரன்ஸ் கம்பெனில சேத்து விடணும் லா, நல்லா சம்பாதிப்ப. இப்பதான் ரெண்டு பேரும் கண்ண மூடறோம். தல வேற வலிக்குது. போ, ஒரு மணி நேரம் இந்தப் பக்கம் வராத. கதவ நல்லா சாத்திட்டுப் போ."

"அவள விடும்மா, தூங்கட்டும்," என்று அத்தை அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தார். "நீ பாக்கலன்னா ஒலகம் நின்னுடாது."

தலை வலிக்கிறது என்று அவள் சொன்னதைக் கேட்டேன். தூக்கம் போதாததால் என்று நினைத்தேன். கதவை நல்லா சாத்தினேன். அடியில் ரப்பர் பட்டை தரையில் உரசி உட்கார்ந்தது.

பிறகு நான் போகவில்லை. போகக்கூடாது என்று என்னை நானே பிடித்து வைத்துக்கொண்டேன். பின்பக்கப் படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தேன். இரண்டு தடவை எழுந்தேன், இரண்டு தடவையும் உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் நான் பயத்துக்கு அடங்காமல் இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான். ஒரு முழுக் கிண்ணம் பூண்டு உரிந்திருந்தது. மழைச் சத்தத்தில் வேறெதுவும் கேட்கவில்லை.

தங்கையின் வீட்டுக்காரர் எழுந்து கைப்பேசி சார்ஜரைத் தேடிக்கொண்டு அறைக்குள் போனார். "அக்கா!" என்று ஒரு சத்தம் வந்தது.

தங்கை கட்டில் ஓரத்தில் வாந்தி எடுத்திருந்தாள். எழுப்பினால் கண் பாதி திறக்கிறது, சொல் வரவில்லை. பிள்ளை தூளியில் இருந்தது. முகம் நல்ல நிறமாக இருந்தது. அத்தைகூட, "பிள்ள நல்லாத்தான் இருக்கு, செவசெவன்னு இருக்கு பாரு" என்றார். அவர் தூக்கியபோது கை இரண்டும் கீழே தொங்கின. குவாலியில் தணல் மேலாகச் சாம்பல் பூத்து அமைதியாக இருந்தது. அறைக்குள் ஒரு வாடையும் இல்லை. மஞ்சள் வாசம் மட்டும்.

நான் தங்கையின் அக்குளில் கையைக் கொடுத்து முன்வாசல்வரை இழுத்தேன். சாரல் அவள் முகத்தில் விழுந்ததும் முனகினாள். அவளைக் காரின் பின்சீட்டில் போட்டோம். பிள்ளை என் மடியில். அத்தை முன்னால் உட்கார்ந்து தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டுக்கொண்டு வந்தார். வண்டியின் நாலு கண்ணாடியும் இறங்கியிருந்தன, நாங்கள் எல்லாரும் நனைந்தோம். சாலைச் சந்திப்பைத் தாண்டியதும் பிள்ளை ஒரு சத்தம் போட்டது, பூனைக்குட்டி மாதிரி. அத்தை சாமியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நான் குனிந்துதான் இருந்தேன். அழுகை வரவில்லை. எதுவுமே வரவில்லை, அன்றிலிருந்து.

ஆஸ்பத்திரியில் இரண்டு பேருக்கும் ஆக்சிஜன் வைத்தார்கள். மலாய்க்கார இளம் டாக்டர் ஒருவர் கேட்டதை மிஸ்ஸி, அங்கே இருந்த நர்ஸ், தமிழில் சொன்னார்.

"வீட்ல ஏதாச்சும் எரிச்சீங்களா, கா?"

"தணல் வச்சோம். ஆனா பொகையே இல்ல மிஸ்ஸி. பொகை எல்லாம் போன பெறகுதான் உள்ள வச்சேன்."

அவர் அதை மலாயில் சொன்னதும் டாக்டர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். திட்டவில்லை. மெதுவாகச் சொன்னார், மிஸ்ஸியும் மெதுவாகச் சொன்னார். கார்பன் மோனாக்சைடு என்று ஒரு காற்று. நிறம் கிடையாது, வாடை கிடையாது, கண் எரியாது. மூடின அறையில் தணல் கனியக் கனிய அது நிறையும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து ஆள் தானாக எழுந்திருக்க முடியாது.

"பொகை வந்திருந்தா நல்லதா போயிருக்கும் கா," என்றார் மிஸ்ஸி. "இருமிக்கிட்டு அவங்களே வெளிய வந்திருப்பாங்க."

மறுநாள் தங்கையின் வீட்டுக்காரர் துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். அறை நடுவில் நின்று மேலே பார்த்தார்.

"அக்கா, இத யாரு ஒட்னது?"

"நான்தான் தம்பி."

"எதுக்கு?"

"கொசுவுக்கு."

நாற்காலி போட்டு ஏறி ஒவ்வொரு டேப்பாக உரித்தார். அந்தப் பிளாஸ்டிக்கை நான்காக மடித்து மேசைமேல் வைத்தார். ஜன்னலைச் சாத்தியவர் அத்தை. கதவைச் சாத்தச் சொன்னவள் தங்கை. மேலே இருந்த ஓட்டைகளை அடைத்தவள் நான். இதையும் வரிசையாகச் சொல்ல முடியும்.

தங்கை இரண்டாம் நாள் எழுந்து உட்கார்ந்தாள். பிள்ளையை ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். உயிருக்கு ஒன்றுமில்லை, மூளைக்கு ஏதாவது பட்டிருக்கிறதா என்பது வளர வளரத்தான் தெரியும், மாதா மாதம் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மஸ்ஜித் தானாவுக்குப் போய்விட்டார்கள். துணிமணி எல்லாம் முன்பே போயிருந்தது.

இப்போது பிள்ளைக்கு எட்டு மாதம். ஒவ்வொரு தடவை டாக்டரிடம் போய் வந்த பிறகும் அத்தைதான் கூப்பிட்டுச் சொல்கிறார். "கழுத்து நின்னுடுச்சி மா." "சத்தம் கேட்டா திரும்பிப் பாக்குது மா." "இன்னும் ஒக்காரல, டாக்டர் இன்னொரு மாசம் பாப்போம்னாரு." நான் காலண்டரில் எழுதிக்கொள்கிறேன். தங்கை பேசுவதில்லை. "கோவம்லாம் இல்லம்மா," என்றார் அத்தை. "ஒங் கொரலு கேட்டா அவளுக்கு அந்த ரூமு ஞாபகம் வருதாம். கொஞ்ச நாள் போவட்டும்." சரி என்றேன்.

அடுப்பை இன்னும் பற்றவைக்கிறேன், தகரக் கூரைக்கு வெளியே நகர்த்தி, குளிக்கத் தண்ணீர் போட. எரிந்து முடிந்ததும் தணல் மேல் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, கையை மேலே காட்டி அனல் இல்லை என்று பார்த்த பிறகுதான் உள்ளே வருகிறேன். வந்து வீட்டிலுள்ள ஜன்னல் எல்லாவற்றையும் திறக்கிறேன். கொசு வருகிறது. வரட்டும் என்று இருக்கிறது. என் வீட்டுக்காரர், மிச்சமிருக்கும் விறகை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார். நல்லா காய்ந்த கட்டை. கேட்டு ஒருவர் வந்தார். எதற்கு என்று நான் இரண்டு தடவை கேட்டதும் வேண்டாம் என்று போய்விட்டார்.

போன வாரம் தங்கையின் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு மெசேஜ். 'அக்கா, உங்களுக்குத் தர வேண்டிய பாக்கி எவ்வளவு? அனுப்பிவிடுகிறேன்.' அவ்வளவுதான், பிள்ளையைப் பற்றி ஒன்றும் இல்லை. மசாலா பாக்கெட் போடும் இடத்தில் எனக்கு நாள் சம்பளம் ஐம்பது ரிங்கிட் வெள்ளி. நாற்பது நாள் லீவு போட்டு நான் பார்த்துக்கொள்வதாக இருந்தபோது, அந்தச் சம்பளத்தைத் தாங்களே தருவதாக இருவரும் பிடிவாதம் பிடித்தார்கள். முதல் வாரமே ஐந்நூறு கையில் கொடுத்தார்கள். தங்கையிடம் காசு வாங்குவதா என்று அப்போது கூச்சமாக இருந்தது. இப்போது கணக்கை முடித்துவிட்டால் அதன் பிறகு அவர்கள் எனக்கு எழுதக் காரணம் இருக்காதே என்று இருக்கிறது.

பிள்ளை வீட்டுக்கு வந்தது மூன்றாம் நாள். அங்கிருந்து எண்ணினால் தணல் வைத்த அன்றைக்குப் பதினேழாவது நாள். பதினேழு என்று எழுதி, அடித்து, பதினாறு என்று எழுதினேன். அந்த நாளுக்குக் கூலி கேட்க முடியாது. பதினாறு ஐம்பது எண்ணூறு, அதில் ஐந்நூறு வந்துவிட்டது. பதில் இன்னும் போடவில்லை. பாக்கி முந்நூறு வெள்ளி.