செவலைக்குக் குறைத்த புண்ணாக்கு

பால் சங்கத்தில் தீவன ஆலோசகர் வேலை என்பது, ஆசையாக வளர்க்கிற மாட்டுக்குக் குறைத்துப் போடச் சொல்லி வீடு வீடாக ஏறி இறங்குவது. என்னோடு சேர்ந்து திட்டு வாங்குகிற சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? கம்பம் ஊருக்குப் பக்கத்தில் நடந்த இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

கண்ணைக் கரித்த நெடி

செல்லத்தாய் வீட்டில் ஒரே பசு, செவலை. மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை. அடுத்த ஊசியும் தவறினால் விற்றுவிட வேண்டியதுதான் என்று அவர் கணவர் பெருமாள் சொல்லிவிட்டார். தொழுவத்தில் கால் வைத்ததுமே மூத்திர நெடி கண்ணைக் கரித்தது. சோதனைப் பட்டையைப் பாலில் நனைத்தேன். யூரியா எக்கச்சக்கம்.

புண்ணாக்கும் பருத்திக்கொட்டையும் அளவுக்கு மீறிப் போகின்றன, அதிலுள்ள தழைச்சத்து ரத்தத்தில் யூரியாவாகச் சேர்ந்தால் கரு தங்குவது கஷ்டம், பாதியாகக் குறைத்து வைக்கோலைக் கூட்டுங்கள் என்றேன். செல்லத்தாய் செவலையின் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார்: "குறைச்சு வச்சுட்டு அது மூஞ்சியில எப்படி சார் முழிக்கிறது?"

சங்கத்து வாசலில்

மறுநாள் காலையில் பால் ஊற்ற வந்தவர்களிடமும் இதையே விளக்கினேன். உடம்புக்குச் சேராத தழைச்சத்து மூத்திரத்தில் போய்க் கடைசியில் உங்கள் கிணற்றுத் தண்ணீரில்தான் இறங்கும் என்றேன். பால்கேனோடு நின்ற ஒருவர், "மாட்டு மூத்திரத்த ஆராயவா சார் ஒங்கள அம்புட்டுப் படிக்க வச்சாக?" என்றதும் எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். செல்லத்தாய் மட்டும் சிரிக்கவில்லை. கூட்டம் கலைந்ததும் கிட்டே வந்து கேட்டார்: "எத்தனை பிடின்னு சரியாச் சொல்லுங்க சார்."

இரண்டாவது பட்டை

மூன்று வாரம் கழித்துப் போய்ப் பார்த்தேன். சொன்ன அளவுதான் போடுகிறேன் என்றார் செல்லத்தாய். பட்டை அப்படியே அதே நிறம் காட்டியது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பொய் சொல்லாதீர்கள், எனக்குத் தெரியாமல் அள்ளிப் போட்டிருக்கிறீர்கள் என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது. செல்லத்தாய் கத்தவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "ஒரு பிடி கூட்டல சார். அது பசியோட நிக்கிதேன்னு நானும் அரை வயித்துக்குத்தான் திங்கேன்."

கொல்லைப் புல்

நான்காவது ஊசியும் நிற்கவில்லை. நான் போனபோது தொழுவத்தில் செவலை இல்லை. முந்தின வாரமே கேரளாவுக்கு அடிமாடு ஏற்றிப்போகும் குமுளி வண்டியில் ஏற்றிவிட்டார்கள். செல்லத்தாய் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார். பெருமாள் கொல்லையில் இருப்பதாகப் பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அத்தனை முறை அந்த வீட்டுக்குப் போன நான், கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தது அன்றுதான்.

பெருமாள் மிஞ்சிய தீவனப் புல்லை விற்பதற்காக அறுத்துக்கொண்டிருந்தார். புல் கறுகறுவென்று இருந்தது. மிதமிஞ்சி யூரியா உரம் போட்ட புல்தான் அப்படி நிற்கும்; அதிலும் அதே தழைச்சத்துதான். அதைத் தின்கிற மாட்டுக்குப் புண்ணாக்கைக் குறைத்து என்ன பலன்? எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"புண்ணாக்கக் குறைச்சதுலருந்து அவ அழுதுக்கிட்டே கெடந்தா சார். மாடு புல்லாச்சும் செழிப்பாத் திங்கட்டுமேன்னு வாராவாரம் யூரியா போட்டேன். நீங்க புண்ணாக்கத்தான குறைக்கச் சொன்னீக?"

ஒரு மாட்டுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று கிராம் சுத்தமாகச் சொல்லத் தெரிந்த எனக்கு, ஒரு மனுஷி உண்மை சொன்னால் நம்பத் தெரியவில்லை.