பன்றி கொடுத்து வாங்கிய கதை

லெய்மாரா புருஷனை விட்டுவிட்டு ஓடிப்போனாள் என்று தண்ணீர்த் தொட்டியடியில் பேசுகிறவர்கள், முதலில் அந்தப் புருஷனைப் போய்க் கேட்கட்டும். கல்தாக் அங்கேதான் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். தன்னா தீவிலிருந்து வேதம் சொல்ல வந்த ஊழியக்காரன் பின்னால் போனாள் என்பதும் பொய். அந்த யோலு கப்பலேறித் தெற்கே போனான். இவள் நடந்து மலைக்குப் போனாள். கடலும் மலையும் ஒரே பக்கமாகவா இருக்கின்றன?

"ஒரு கதைக்காகப் பல் வளைஞ்ச பன்றியத் தூக்கிக் கொடுத்தாளே, புத்தி உள்ளவ செய்யிற காரியமா?" என்று நேற்றுகூட லெய்நாசே கேட்டாள்.

"உன் மகன் பாட்டுப்பெட்டிக்கு ரெண்டு பன்றிய வித்தானே, அது இப்ப பாடுதா?" என்றேன். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அதனால் நடந்ததை நடந்தபடி சொல்லிவிடுகிறேன்.

லெய்மாரா மலையூர்க்காரி. அவள் அப்பா மாசிங் அங்கே கதைக்காரர். ஒருவர் கதையை இன்னொருவர் அனுமதி கேட்காமல் எடுத்துச் சொல்வது எங்கள் எப்பித் தீவில் எங்குமே கிடையாது. மாசிங்கிடம் அது இன்னும் கறார். யாராவது கதை சொல்ல வாயெடுத்தால், "யாரு கதை? யாரு கொடுத்தா?" என்றுதான் முதலில் கேட்பார். பதில் சரியில்லையென்றால் எழுந்து போய்விடுவார்.

அவர் பேசி வைத்த மாப்பிள்ளையை வேண்டாமென்றுவிட்டு, இவள் கல்தாக்கோடு எங்கள் கரைக்கு இறங்கி வந்துவிட்டாள். அன்றோடு அவர் அவள் பெயரைச் சொல்வதில்லை. பிள்ளைகள் பிறந்தன; பார்க்க வரவில்லை. அவள் அம்மா செத்தபோது கீழே ஆள் அனுப்பவில்லை. அன்று அவள் அழுது நான் பார்க்கவில்லை. கிழங்கு துருவிக்கொண்டே இருந்தாள். இலையில் பொதிந்து லப்லப் அவிக்க எவ்வளவு வேண்டுமோ அதற்கு மேலும் துருவினாள்.

அப்புறம்தான் யோலு வந்தான். அவன் கையில் புத்தகம் இல்லை; இருந்தாலும் இங்கே அதைப் படிக்க ஆளில்லை. பலாமரத்தடியில் நெருப்புப் போட்டு, வாயால் சொன்னான். ஒரு அப்பா, தன் பங்கை வாங்கிக்கொண்டு தூரதேசம் போன இளைய மகன், எல்லாம் தீர்ந்து அவன் பன்றி மேய்க்கிறான்.

"பன்றி மேய்க்கிறானா? அப்ப நல்ல நிலைமையிலதானே இருக்கான்?" என்றார் சபை மூப்பர். எங்களுக்குப் பன்றிதான் சொத்து. யோலு சிரித்துவிட்டான்.

ஆனால் மகன் திரும்பி வரும்போது, அந்தப் பெரிய மனுஷன் தூரத்திலேயே பார்த்து ஓடினார் என்று அவன் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. ஊர் பார்க்க ஒரு தலைவன் ஓடுவதை நாங்கள் கண்டதில்லை. லெய்மாரா துருவிக்கொண்டிருந்த தேங்காயை மடியில் வைத்துவிட்டாள்.

கிழங்கு தோண்டும் பருவத்தில் யோலு மறுபடி வந்தான். "போன தடவ சொன்னத யாராவது திருப்பிச் சொல்லுங்க" என்றான். எல்லாரும் தரையைப் பார்த்தோம். அவன் முகம் விழுந்துவிட்டது. சாயங்காலம் லெய்மாராவின் அடுப்பங்கரைக்கு வந்தான். நானும் அங்கேதான் இருந்தேன்.

"என்னக்கா, ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லையா?"

"எல்லாருக்கும் இருக்கு தம்பி. நடுவுல நீ இருமினதுகூட ஞாபகம் இருக்கு."

"பின்ன ஏன் வாயத் தொறக்கல?"

"உன் கதைய நாங்க சொன்னா அது திருட்டு."

"என் கதை இல்லக்கா. எல்லாருக்கும் உள்ளது. சும்மா எடுத்துக்கோங்க."

"சும்மா கெடச்சதுன்னு எங்கப்பாகிட்ட சொன்னா உக்காந்து கேக்க மாட்டாரு."

அப்போதுதான் அவள் எதற்கு ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்தக் கதையை அவள் மாசிங்கிடம் கொண்டு போக வேண்டும். மலைப் பேச்சு யோலுவுக்கு வராது. இவள் போனால்தான் உண்டு.

மறுநாள் காலையில் யோலு தங்கியிருந்த வீட்டு வாசலில் அந்தப் பல் வளைந்த பன்றியைக் கட்டினாள். கையால் மசித்து ஊட்டி வளர்த்த பன்றி.

"கிருபைக்கு விலை கெடையாதுக்கா. கொண்டு போயிருங்க" என்றான் யோலு. அங்கேதான் தப்புப் பண்ணினான். கொடுத்த பன்றியைத் திருப்புவது முகத்தில் துப்புவதுபோல. அவள் அவிழ்க்காமல் வந்துவிட்டாள். பன்றி பகல் முழுக்கக் கத்தியது. கடைசியில் கல்தாக் போனான்.

"தம்பி, வெலைன்னு யாரு சொன்னா? நீ கை நீட்டி வாங்கினத ஊரு பாக்கணும். அதுக்கப்புறம் அத யாருக்கு வேணா குடு."

யோலு பன்றிக் கயிற்றைக் கையில் பிடித்தான். "எனக்கு இதச் சொன்னது எங்க பெரியம்மா."

"அப்ப பன்றி அவங்களோடது."

அப்படித்தான் அந்தப் பன்றி சரக்குக் கப்பலில் தன்னாவுக்குப் போனது. கூடவே யோலுவும் போனான். தளமெல்லாம் வாந்தி எடுத்ததாம், பன்றியைச் சொல்கிறேன்.

பிறகு காத்திருப்பு. பெரியம்மா தின்றுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டால்? பன்றியும் போச்சு, கதையும் போச்சு. கப்பல் சத்தம் கேட்கும்போதெல்லாம் லெய்மாரா துணி அலசப் போகிறவள்போலக் கரைக்குப் போவாள். துவைத்த துணியையே துவைத்தாள். லெய்நாசேக்கு அதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

பதில் வந்தது. ஒரு மாலுமி கவா வேர்க் கட்டோடு இறங்கி, ஊர் நடுவில் நின்று பெரியம்மா சொன்னதை அப்படியே சொன்னான்: "சொல்லலாம். மலையிலயும் சொல்லலாம். முடிவ மட்டும் மாத்தாதே. பன்றி நல்ல ருசி."

மூப்பர் வேரில் பாதியை வெட்டி, சம்மதத்துக்குச் சாட்சியாக எல்லாருக்கும் குடிக்கக் கவா கரைத்தார். கதை அவளுடையதாயிற்று.

அதன்பிறகு அவள் வலை பின்னும் கல்தாக்கிடம் சொல்லிச் சொல்லிப் பழகினாள். பன்றி மேய்க்கும் இடம் வந்தால் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இத உங்கப்பா நம்பவே மாட்டாரு."

"நம்பாட்டி கேள்வி கேப்பாரு. கேள்வி கேட்டா எங்கிட்ட பேசிட்டாருன்னு அர்த்தம்."

மலைக்குப் புறப்பட்ட அன்று மிச்ச வேரைக் கூடையில் வைத்துக்கொண்டாள். யார் கொடுத்தது என்று கேட்டால் காட்ட.

"கதவச் சாத்திட்டா என்னடி பண்ணுவ?" என்று கேட்டேன்.

"வெளிய நின்னு சொல்றேன் அக்கா. மூங்கில் சுவருதானே. அவருக்குக் காது நல்லாக் கேக்கும்."

மலையில் மேகம் இறங்கியிருந்தது. கல்தாக் ஒரு பெரிய சேம்பிலையை வெட்டி அவள் தலைக்குமேல் பிடித்துப் பார்த்து, போதும் என்று கையில் கொடுத்தான். அவள் கூடையைத் தோளில் மாட்டினாள். பிள்ளைகளிடம் அப்பா பேச்சைக் கேளுங்கள் என்றாள். வாசலைத் தாண்டி மலைப்பாதையில் ஏறினாள், போகும்போதே கதையின் முதல் வரியை மலைப் பேச்சில் சொல்லிக்கொண்டு.